ஆயிரம் இலிங்க ஆற்றங்கரையில்

2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையில், பதினைந்து வயதுடைய என் மகனையும் அழைத்துக்கொண்டு காம்போச நாட்டிலே நான்கு நாட்கள் தங்கிவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கிட்டியது என்பதிலும் பார்க்க, என் தமையனார் அதனை வாங்கித் தந்தார் என்பதே பொருந்தும். கல்லூரியொன்றிற் சரித்திரமும் சைவநெறியும் கற்பிக்கும் ஒருவனுடைய மாதச் சம்பளம் ஆகாய விமானத்தில் ஏறுவதற்குப் போதாதென்பதை வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தமையனாரோ சந்தியொன்றிலே சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர். பல வருடங்களாகக் கட்டிவந்த சீட்டுக் காசைக் கடதாசியிற் சுற்றிக் கொண்டுவந்து, ஒருநாள் மாலை என் மேசைமீது வைத்தார்.

“அங்கோர் வாட்டைப் போய்ப் பார்த்துக்கொண்டு வா. பெடியனையும் கூட்டிக்கொண்டு போ” என்றார்.

நான் திகைத்துப் போனேன். யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருண்டு கிடந்த தொண்ணூறாம் ஆண்டுகளின் முற்பகுதியில், ஜாம் போத்தலிற் பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டுச் செய்த விளக்கின் முன்னிருந்து நான் பாடங்களை உரத்து வாசிப்பேன். படிப்பை இடையில் விட்டுத் தொழிலுக்குச் சென்றுவிட்ட தமையனார், பக்கத்திலிருந்து ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே கேட்டிருப்பார். என் சரித்திரப் புத்தகத்தில் அங்கோர் வாட் கோயிலின் மங்கிய படமொன்று இருந்தது. அதனை அவர் விளக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தது எனக்கு நினைவிருக்கின்றது. பிற்காலத்தில், அந்நாட்டு மலையாறு ஒன்றின் அடிப்பாறையிலே ஆயிரம் இலிங்கங்கள் செதுக்கப்பட்டுள்ள செய்தியையும் ஒரு நூலிலிருந்து வாசித்துக் காட்டினேன். நான் மறந்துவிட்டேன்; அவர் மறக்கவில்லை.

“நீங்களும் வரலாமே, அண்ணை?”

“இந்தக் காலோடை அந்தப் படியளெல்லாம் ஏறேலாது. நீ பார்த்துவந்து சொன்னாற் போதும். அந்த ஆயிரம் லிங்கத்து ஆத்துத் தண்ணியிலை ஒரு போத்தல் கொண்டுவா. அதுதான் எனக்கு வேணும்.”

அவருக்கு இடக்கால் முழங்காலின் கீழே ஜெய்ப்பூர்க் கால். அது நேர்ந்த விதத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

கட்டுநாயக்கவில் ஏறிப் பாங்கொக்கில் விமானம் மாறிச் சியாம் ரீப் போய்ச் சேர்ந்தோம். 2023 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் நகரத்திலிருந்து நெடுந்தூரத்தில் உள்ளது. அது எமக்கு நன்மையாகவே முடிந்தது. அந்நாட்டின் நாட்டுப்புறத்தை முதலிற் கண்டோம். மழைநீர் நிரம்பிய நெல்வயல்கள். வயல் வரம்புகளில் மாடுகள். எங்கு நோக்கினும் பனைகள். எமது பனையைப் போன்றவை என்று எழுத வந்தேன், எமது பனையேதான். காம்போசத்தின் தேசிய மரம் பனை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்வார்களாக. பதநீர் இறக்கிக் காய்ச்சிப் பனங்கட்டி செய்து தெருவோரத்தில் விற்கின்றார்கள்.

“அப்பா, சுத்திச் சுத்திப் பளைக்கே வந்திட்டமோ?” என்று மகன் சிரித்தான். பளையென்ற பெயர் அவன் வாயில் ஏன் வந்ததோ அறியேன். நான் மறுமொழி கூறவில்லை.

மறுநாள் விடியுமுன்னரே, மோட்டார்ச் சைக்கிளின் பின்னே பூட்டிய வண்டியொன்றில் அங்கோர் வாட்டுக்குப் புறப்பட்டோம். ஓரளவு ஆங்கிலம் பேசத் தெரிந்த அந்த வண்டிச் சாரதியே நான்கு நாட்களும் எமக்குத் துணையாயிருந்தார். மூன்று நாட்களுக்கான அனுமதிச் சீட்டின் விலை ஒருவருக்கு அறுபத்திரண்டு டொலர். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசமென்று கேட்டதும், மகனை நான்கு வருடங்களுக்கு முன்னரே கூட்டிவந்திருக்கலாமே என்று என் மனம் கணக்குப் போட்டதை மறைக்க மாட்டேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுப்பித்த அக்கோயில், வழக்கத்துக்கு மாறாக மேற்கு நோக்கியது. ஆகவே விடியற்காலையில் வாயிலிற் கூடுவோருக்குக் கோபுரங்களின் பின்னால் ஞாயிறு எழுவது தெரியும். அகழி மட்டுமே ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு மீற்றர் அகலம். அதைக் கடக்கும் கல்லணையில், இருளிலே முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கானோர் நடந்தனர். கிழக்கு வெளுத்ததும், நடுவே அறுபத்தைந்து மீற்றர் உயர்ந்த கோபுரமும் சுற்றிவர நான்கும் கரிய வடிவங்களாகத் தோன்றின. மங்கிய படத்திற் கண்டது அதுவே. எல்லோரும் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தனர். என் மகனும் பிடித்தான். பின்பு என்ன நினைத்தானோ, அதைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றான்.

உள்வீதி மண்டபங்களின் சுவர்முழுவதும் புடைப்புச் சிற்பங்கள். திருப்பாற்கடல் கடைந்த கதை மட்டும் நாற்பத்தொன்பது மீற்றர் நீளத்துக்குச் செல்கின்றது. ஒருபுறம் தொண்ணூற்றிரண்டு அசுரர், மறுபுறம் எண்பத்தெட்டுத் தேவர், நடுவே ஆமையின்மீது மந்தரமலை. புத்தகம் சொல்லும் எண்ணிக்கை சரிதானா என்று பார்ப்பதாக மகன் அசுரரை எண்ணத் தொடங்கினான். அறுபதைத் தாண்டியபோது சுற்றுலாக் கூட்டமொன்று குறுக்கே வந்து கணக்கைக் குழப்பிவிட்டது. இலங்கைப் போரைக் காட்டும் சுவரில், சிங்கங்கள் பூட்டிய தேரிலே பத்துத் தலையும் இருபது கையுமாக இராவணன் நிற்கின்றான். “எங்கடை ஆள்!” என்று இவன் உரத்துச் சொல்ல, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தனர். மேற்றளத்துக்குச் செல்லும் படிகள் ஏணிபோற் செங்குத்தானவை. தமையனார் சொன்னது சரியே.

இரண்டாம் நாளைச் சுருக்கமாகச் சொல்கின்றேன்; ஏழாம் ஜெயவர்மனின் பேயோன் கோயிலையும் அதன் கோபுர முகங்களையும் பற்றி எழுதாதவர் இல்லை. அவ்வரசன் தன் தாயின் நினைவாக 1186 ஆம் ஆண்டு எடுப்பித்த தா புரோம் கோயிலிலே, மரங்களின் வேர்கள் மலைப்பாம்புகள்போற் சுவர்களைப் பிணைத்திருப்பதை எல்லோரும் படத்திற் கண்டிருப்பர். நான் சொல்ல வந்தது அக்கோயிலுக்குச் செல்லும் காட்டுப் பாதையில் ஒலித்த இசையைப் பற்றி.

மரநிழலிலே பலகைத் தட்டொன்றில் ஏழெட்டுப் பேர் அமர்ந்து, இரு நரம்புள்ள வில்வாத்தியமும் மூங்கிற் சுரவாத்தியமும் வாசித்துக்கொண்டிருந்தனர். அருகே, கோயில் வாசலிற் செருப்பைக் கழற்றி வைப்பதுபோல, அவர்களுடைய செயற்கைக் கால்கள் வரிசையாகச் சார்த்தி வைக்கப்பட்டிருந்தன. தாங்கள் மிதிவெடியில் அகப்பட்டவர்கள் என்றும், பிச்சையெடாது இசையால் வாழ்கின்றோம் என்றும் பல மொழிகளில் எழுதிய அட்டை முன்னே இருந்தது. 1979 ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் மிதிவெடிகளாலும் வெடிக்காத குண்டுகளாலும் இறந்தோர் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர். காயமுற்றோர் நாற்பத்தையாயிரத்துக்கு மேல். எண்களை நான் முன்னரே படித்திருந்தேன். ஆயினும், அந்தக் கால்களின் வரிசையில் ஒன்று தமையனாருடையதைப் போலவே தோற்பட்டி கட்டியிருந்ததைக் கண்டதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மகன் நின்றான். ஒரு பாட்டு முடியும்வரை கேட்டு, காசு போட்டுவிட்டு ஓடிவந்து என்னைப் பிடித்தான்.

“பெரியப்பாவின்ரையைப் போலை...” என்று தொடங்கினான். “கெதியாய் நட, வெயில் ஏறுது” என்றேன்.

மூன்றாம் நாள் காலை பந்தியாய் சிறே. வழியிலே மிதிவெடி அரும்பொருட்காட்சிச்சாலையொன்று உண்டு. சாரதி வண்டியை மெதுவாக்கி, இறங்குகின்றீர்களா என்றார். நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது.

பந்தியாய் சிறே சிறிய கோயில். 967 ஆம் ஆண்டு பிரதிட்டை செய்யப்பட்ட சிவன் கோயில். செந்நிறக் கல்லை மரம்போற் குடைந்திருக்கின்றனர். 1923 ஆம் ஆண்டு அந்திரே மல்ரோ என்ற பிரெஞ்சுக்காரர், அக்காலத்தில் இளைஞர், பின்னாளிற் பெரிய எழுத்தாளரும் பிரான்சின் கலாசார அமைச்சரும் ஆனவர், இங்கிருந்து தேவமாதர் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பிடிபட்டார். சிற்பங்கள் திரும்பி வந்து தத்தம் இடத்திற் சேர்ந்தன. ஆனால் நான் தேடிச் சென்றது தேவமாதரையன்று. கிழக்கு வாயில் முகப்பொன்றிலே சிவபிரான் பல கைகளோடு ஆடுகின்றார். அவர் திருவடியருகே, வற்றிய மார்பும் எலும்பெழுந்த மேனியுமாக ஒரு மூதாட்டி அமர்ந்திருக்கின்றாள். நம் காரைக்காலம்மையாரே அவரென்பது ஆராய்ச்சியாளர் கருத்து. சேக்கிழார் பெரியபுராணம் பாடுவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முந்திய சிற்பம் அது! கடல் கடந்து இவ்வளவு தூரம் அம்மையார் வந்த வழி யாதோ? கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றவர் அவர் என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டு, கழுத்து நோக அண்ணாந்து நின்றேன்.

அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர் அப்பால் இருக்கின்றது கிபால் சிபியன். ஆயிரம் இலிங்க ஆறு. மேற்கே முகில் கறுத்திருந்தது. பிற்பகலில் மழை பிடித்துவிடும், நாளைக்கு வாருங்கள் என்றார் சாரதி. மறுநாள் எமது அனுமதிச் சீட்டு முடிந்துவிடும். போத்தல் என் பையில் இருந்தது. போவோம் என்றேன். சாரதி மறுக்கவில்லை, மலையடியிலே எம்மை இறக்கிவிட்டு ஒன்றை மட்டும் இரு தடவை சொன்னார்: “பாதையை விட்டு விலகாதீர்கள். பாதை துப்புரவாக்கப்பட்டது. காட்டைப்பற்றி எனக்குத் தெரியாது.”

காட்டினூடே ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஏற்றம். எவ்வளவு தூரம் வந்திருக்கின்றோம் என்பதை இடையிடையே பலகைகள் அறிவிக்கும். வேர்களைப் பிடித்தும் பாறைகளில் ஏறியும் ஒரு மணி நேரத்தில் மேலே சேர்ந்தோம். அங்கே கண்டதை எப்படிச் சொல்வேன்? வெளியுலகம் இவ்விடத்தை அறிந்தது 1969 ஆம் ஆண்டு, ழான் புல்பே என்ற பிரெஞ்சு அறிஞர் வாயிலாக. அடுத்து வந்த போரினாற் பல வருடங்கள் எவரும் அணுக முடியாது கிடந்தது. பதினோராம் நூற்றாண்டிலே துறவிகளும் அரசரும் ஓடும் ஆற்றின் அடிப்பாறையையே கோயிலாக்கினர். கைக்கடக்கமான வட்ட வட்ட மேடுகள், வரிசை வரிசையாக, தண்ணீரின் கீழே. அவற்றின்மீது ஓடிய நீர் புனிதமாகிக் கீழே சமவெளிக்கு இறங்கி அங்கோரின் வயல்களுக்குப் பாயும் என்பது அவர்கள் நம்பிக்கை. கரைப்பாறையிலே அரவணையிற் பள்ளிகொண்ட திருமால், காலடியில் இலக்குமி. தண்ணீர் அவர்மேல் ஏறி ஏறி வழிந்துகொண்டிருந்தது. நாம் விக்கிரகத்துக்கு அபிடேகம் செய்கின்றோம். அங்கே ஆறே ஒரு நாழிகையும் ஓயாது செய்கின்றது.

மகன் சப்பாத்தைக் கழற்றினான். இலிங்கங்களை மிதிக்கலாகாதென்று கரையிலேயே முழந்தாளிட்டு, சிறிய அருவியின் கீழே போத்தலைப் பிடித்து நிரப்பினோம். மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போதே முதற்றுளி விழுந்தது.

அம்மழையைப்பற்றி வருணிப்பதற்கில்லை. பாறையொன்றின் கீழே ஒரு மணி நேரம் ஒதுங்கி நின்றோம். பொழுது போகிறதென்று அஞ்சி, சற்றுத் தணிந்ததும் இறங்கத் தொடங்கினோம். பாதையெல்லாம் வாய்க்காலாக ஓடிற்று. மகன் முன்னே செல்ல, நான் வழுக்கும் கற்களிலேயே கண்ணாயிருந்தேன். பத்து நிமிடம் நடந்திருப்போம். ஒரு பலகையையும் காணவில்லை என்பது அப்பொழுதுதான் எனக்குப் பட்டது. சற்று அப்பால் அப்பாதை மூங்கிற் புதரொன்றில் முடிந்தது. திரும்பினோம். திரும்பிய இடத்தில் ஒற்றையடிகள் மூன்று தோன்றின. மூன்றிலும் தண்ணீர் ஓடிற்று. எமது காலடிகளை மழை கழுவிவிட்டிருந்தது. கைத்தொலைபேசியில் தொடர்பில்லை.

“எந்தப் பக்கம், அப்பா?” என்றான் மகன்.

எனக்கு வாய் திறக்கவில்லை.

இப்பொழுது தமையனாரின் காலைப்பற்றிச் சொல்ல வேண்டும். 2002 ஆம் ஆண்டு போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, கண்டி வீதி திறந்தது. அடுத்த வருடம் பங்குனி மாதத்தில் ஒரு காலை, பளைப் பக்கத்திலிருந்த எமது தென்னங்காணியைப் பார்த்துவரத் தமையனாரும் நானும் சைக்கிளிற் சென்றோம். நான் அப்பொழுது பட்டம் பெற்று வேலை தேடிக்கொண்டிருந்தேன். தென்னைகள் தலையிழந்து நின்றன. வீட்டுக்குக் கூரையில்லை. இடுப்பளவு புல். வீதியின் எதிர்ப்புறத்தில் மண்டையோட்டுப் படம் போட்ட பலகைகள் நின்றன. எமது பக்கத்தில் ஒன்றும் இல்லை. படலை இருந்த இடத்திலே நின்று தமையனார் கேட்டார்: “கிணத்தடிக்கு எந்தப் பக்கத்தாலை போறது?” நான் வீதியில் நின்றபடியே கையை நீட்டி, “இடப்பக்கத்தாலை, அண்ணை. மாவடிக்குக் கிட்டாலை போங்கோ” என்றேன். அவர் அப்படியே போனார். பத்தடி போயிருப்பார்.

அதன்மேல் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்று தொடக்கம் நான் ஒருவர்க்கும் வழி காட்டியதில்லை. தெருவில் அந்நியர் எவரேனும் வழி கேட்டால், அடுத்த கடையில் விசாரியுங்கள் என்று சொல்லிவிடுவேன். எங்கள் கல்லூரியிற் சுற்றுலா ஒழுங்கு செய்யும்போது முன்வரிசையில் ஒருபோதும் நான் நடப்பதில்லை. இதன் காரணத்தை என் மனைவியும் அறியாள். தமையனாரிடமும் இருபத்தொரு வருடங்களாக அந்தப் பேச்சை நான் எடுத்ததில்லை, அவரும் எடுத்ததில்லை.

மகன் மறுபடி கேட்டான். பிறகு, “நான் போய்ப் பார்த்துக்கொண்டு வரட்டோ?” என்று ஒற்றையடிகளில் ஒன்றை நோக்கிக் காலெடுத்தான். நான் அவன் தோளைப் பிடித்த பிடியில் அவன் சட்டை கிழிந்தது. “அசையாதை! நிண்ட இடத்திலேயே நில்!” என்று கத்தினேன். அப்படி ஒருபோதும் அவனிடம் நான் கத்தியதில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான், பேசாமல் நின்றான். காட்டு மழையிலே, ஒரு பாய் விரிக்கும் அளவு நிலத்தில், தந்தையும் மகனுமாக அரைமணி நேரத்துக்கு மேல் நின்றோம். அட்டைகள் காலில் ஏறின. குனிந்து அவற்றைப் பிடுங்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. காலையிற் கண்ட அம்மையாரை நினைத்தேன். தலையால் நடக்கும் வித்தை எனக்குத் தெரியாது.

மூங்கிற் புதரின் பின்னால் இலைகள் சலசலத்தன. ஒரு கிழவி வந்தாள். தலையிற் கட்டம் போட்ட துணி, தோளிற் கூடை, கூடையில் மூங்கிற் குருத்து, காலில் இறப்பர்ச் செருப்பு. எம்மைக் கண்டு வியந்து ஏதோ கேட்டாள். நான் கைகூப்பினேன். அந்நாட்டு வணக்கமும் அதுவே. கீழே சுட்டிக்காட்டி, சாரதியின் வண்டியை நினைத்துக்கொண்டு மோட்டார்ச் சைக்கிளின் கைபிடியைத் திருகுவதுபோலக் காட்டினேன். அவள் வாய்விட்டுச் சிரித்து, வா என்று கையசைத்து, நடுவிலிருந்த ஒற்றையடியில் இறங்கினாள்.

நான் அவள் கால் வைத்த இடத்திலே கால் வைத்தேன். “என்ரை காலடியிலேயே வா” என்று மகனிடம் சொன்னேன். கிழவி எட்டி நடப்பவள். அவளுடைய அடிக்கும் அடிக்கும் இடையே நான் தாண்டித் தாண்டிச் செல்ல வேண்டியிருந்தது. சிறிது தூரம் சென்று அவள் திரும்பிப் பார்த்தாள். மறுபடி சிரிக்கப் போனவள், என் கால்களைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. நான் என்ன செய்கின்றேன் என்பதை அவள் அறிந்துகொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் அடிகளைக் கிட்டக் கிட்ட வைத்தாள். சேற்றிலே ஒவ்வோர் அடியையும் ஆழ ஊன்றி, சுவடு நன்றாகப் பதிந்ததா என்று பார்த்துவிட்டே அடுத்ததை வைத்தாள்.

பாதைப் பலகையொன்று தெரிந்தது. முந்நூறு மீற்றர் என்றிருந்தது. அவ்விடத்தில் அவள் நின்று கீழே கையைக் காட்டினாள். என்னிடமிருந்த காசைக் கொடுத்தேன், வாங்கவில்லை. மகன் தன் பையிலிருந்த எள்ளுருண்டைப் பொட்டலத்தை நீட்ட, அதை வாங்கிக் கூடையிற் போட்டுக்கொண்டு காட்டுக்குள்ளே திரும்பிவிட்டாள். அடிவாரத்திற் சாரதி குடையோடு ஏறிவந்துகொண்டிருந்தார்.

அன்றிரவு, நகரத்து விடுதியில், கிழிந்த சட்டையை மடித்து வைத்துக்கொண்டே மகன் கேட்டான்: “பெரியப்பாவுக்கு நடந்தபோது நீங்களும் பக்கத்திலையோ நிண்டனீங்கள்?” எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லத்தக்கதா என்று இப்பொழுதும் எனக்குத் தெரியவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நாளைக்கு எலி பார்க்கப் போவமோ?” என்றான்.

எலி என்றது விளையாட்டன்று. நிலத்தில் மறைந்த வெடிமருந்தை மோந்தறியப் பழக்கிய ஆபிரிக்கப் பெருச்சாளிகளை அந்நகரத்திலே பார்வையாளருக்குக் காட்டுகின்றார்கள். கயிற்றிற் கோத்த வாரோடு அது நிலத்தை மோந்துகொண்டே குறுக்கும் நெடுக்கும் ஓடும். வெடிமருந்து மணத்தால் நிலத்தைச் சுரண்டும். வாழைப்பழத் துண்டு பரிசு. மிதிவெடியை வெடிக்கச் செய்யும் பாரம் அதற்கில்லை. உலோகங் காட்டும் கருவியோடு மனிதன் நான்கு நாள் வரை தேடவேண்டிய ஒரு டெனிஸ் மைதானத்தளவு நிலத்தை, அது அரைமணியிற் பார்த்து முடித்துவிடும். தான்சானியாவிற் பிறந்த மகாவா என்ற பெருச்சாளி காம்போசத்திலே நூற்றுக்கு மேற்பட்ட வெடிகளைக் கண்டுபிடித்து, 2020 ஆம் ஆண்டு பிரித்தானியப் பொற்பதக்கம் பெற்று, 2022 ஆம் ஆண்டு தை மாதம் இறந்தது. விநாயகப் பெருமான் தம் வாகனத்தைத் தெரிந்தெடுத்த காரணம் இதுவாயிருக்கலாம் என்று மகனிடம் சொன்னேன். அந்த நான்கு நாட்களில் நான் சொன்ன வேடிக்கை அது ஒன்றுதான், அவன் சிரித்தான். அவனோடு நானும் நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்று, மிதிவெடிகளின் மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எமது நாடும் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் 2017 ஆம் ஆண்டு சேர்ந்துகொண்டது. வன்னியிலும் முகமாலையிலும் அங்குலம் அங்குலமாக நிலத்தைக் கிளறியவர்களில் எத்தனையோ பேர் நம் ஊர்ப் பெண்கள். முழந்தாளிலிருந்து அவர்கள் செய்த வேலையை வீதியாற் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கின்றேன். ஒருநாளும் இறங்கி நின்று பார்த்ததில்லை.

போத்தலைச் சாரத்திற் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தோம்.

வந்த அன்று மாலையே தமையனாரின் கடைக்குச் சென்றேன். அவர் ஒரு சக்கரத்தைக் கவரிற் பூட்டி நெளிவு எடுத்துக்கொண்டிருந்தார். மகன் படங்களைக் காட்டக் காட்ட, எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அங்கோர் வாட்டின் விடியற்காலைப் படத்தைத் திரும்பக் காட்டச் சொன்னார். காட்டில் வழி தவறிய கதையை மகன் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான். மிகுதியை நான் சொன்னேன். சொல்லிக்கொண்டு வந்தவன், என்னையறியாமலே மற்றக் கதையையும் சொன்னேன். இடப்பக்கம் என்று சொன்னவன் நான். மாவடிக்குக் கிட்டாலை என்று சொன்னவன் நான்.

தமையனார் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கிணறு வெட்டேக்கை ஐயாவோடை கல்லுச் சுமந்தவன் நான். அது எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியாதோ?” என்றார்.

“அப்ப ஏன் கேட்டனீங்கள்?”

“வீடு கிடந்த கோலத்தைப் பார்த்திட்டு நீ வாய் திறவாமல் நிண்டனி. கதை குடுப்பமெண்டுதான் கேட்டனான். நீ என்ன சொன்னனியெண்டு இப்ப சொல்லித்தான் எனக்குத் தெரியும். வலப்பக்கமெண்டு சொல்லியிருந்தாலும் நான் மாவடியாலைதான் போயிருப்பன்.”

பிறகு போத்தலை வாங்கி, மூடியைத் திருகி மோந்து பார்த்தார். இலை மணம் அடிக்குது என்றார். வீட்டுக்குப் போய்ச் சாமியறையிலிருக்கும் செம்பை எடுத்துவரும்படி என் மகனை அனுப்பினார்.